அறிவியல் முறை: தவறு தெரிந்துவிடும்படி ஓர் ஏற்பாடு

கேள்வி இது: "உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு என்று ஐந்து படிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். விஞ்ஞானிகள் நிஜமாகவே இப்படித்தான் வேலை செய்கிறார்களா? முறை இவ்வளவு தெளிவாக இருந்தால் அவர்கள் சொல்வது ஏன் அடிக்கடி மாறுகிறது?"

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த ஐந்து படிகள். அவை பொய்யில்லை. ஆனால் யாரும் அவற்றை வரிசையாக ஏறிப் போவதில்லை. சோதனை பாதியில் இருக்கும்போதே கேள்வி மாறிவிடும். சில சமயம் கருவி காட்டும் விசித்திரமான ஓர் எண்தான் முதலில் வரும், கேள்வி அதற்கு அப்புறம் பிறக்கும். வானியலாளர் ஒரு விண்மீனை மேசைமேல் வைத்துச் சோதிக்க முடியாது. நிலவியலாளர் ஒரு மலைத்தொடர் உருவாவதை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் இரண்டு பேர் செய்வதும் அறிவியல்தான். அப்படியென்றால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது எது?

நாம் நினைப்பது தவறாக இருந்தால் அது தவறு என்று தெரிந்துவிடும்படி முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்து வைப்பது. என் பார்வையில் அது ஒன்றுதான் பொதுவானது. ஒப்பீட்டுக் குழு, புள்ளியியல், மறுசோதனை என்று நீங்கள் கேள்விப்படுகிற மற்ற எல்லாமே இந்த ஒன்றுக்காகக் காலப்போக்கில் சேர்ந்த கருவிகள்.

சின்ன உதாரணம். கைபேசி சார்ஜ் ஏறவில்லை. கேபிள் போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். அதுதான் கருதுகோள். அது சரியென்றால் என்ன நடக்க வேண்டும்? வேறு கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏற வேண்டும், பழைய கேபிளை வேறொரு கைபேசியில் போட்டால் அதிலும் ஏறக்கூடாது. இதுதான் கணிப்பு. போட்டுப் பார்க்கிறீர்கள். புதுக் கேபிளிலும் ஏறவில்லை என்றால் உங்கள் நினைப்பு அடிபட்டது. அடாப்டரைப் பார்க்கலாம், பிளக் பாயின்டைப் பார்க்கலாம், கைபேசியின் துவாரத்தில் தூசி இருக்கிறதா என்று பார்க்கலாம். அவசரத்தில் கேபிள், அடாப்டர், பிளக் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால்? சார்ஜ் ஏறும், ஆனால் கோளாறு எதில் இருந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வகத்தில் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். "என்னவோ கோளாறு, நேரம் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை எந்தக் கேபிளாலும் சோதிக்க முடியாது. சார்ஜ் ஏறினாலும் அது பொருந்தும், ஏறாவிட்டாலும் பொருந்தும். எது நடந்தாலும் பொருந்திப்போகிற விளக்கம் நமக்கு எதையும் சொல்லவில்லை. கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி 1934-இல் இதையே அறிவியலின் அடையாளமாக வைத்தார்: ஒரு கூற்று அறிவியல் கூற்றாக இருக்க வேண்டுமென்றால் எது நடந்தால் அது பொய்யாகும் என்று சொல்ல முடிய வேண்டும். பாப்பர் சொன்ன எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், "எதைப் பார்த்தால் நீங்கள் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கைபேசிக்குச் சரி. ஆனால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிற இடத்தில்தான் இந்த முறையின் அருமை தெரியும். அதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒரு குதிரையைப் பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல், கழித்தல், பின்னம், தேதி என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே திரண்டது. ஓஸ்டன் காசு வாங்கவில்லை, அவர் மோசடிக்காரரும் இல்லை. 1904-இல் ஒரு குழு வந்து சோதித்தது. கார்ல் ஷ்டும்ஃப் என்ற உளவியலாளர் தலைமையில், சர்க்கஸ் மேலாளர் வரை பலதரப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். தந்திரம் எதுவும் இல்லை என்றே அவர்களும் சொன்னார்கள். உரிமையாளர் இல்லாமல் வேறு ஆட்கள் கேட்டபோதும் குதிரை சரியாகவே தட்டியது.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் நம்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான முறை, கண்ணெதிரே, வெவ்வேறு ஆட்கள் முன்னிலையில் நடந்த விஷயம். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வேறு மாதிரி யோசித்தார். குதிரைக்கு உண்மையிலேயே கணக்குத் தெரியுமென்றால், கேட்பவருக்கு விடை தெரிகிறதா இல்லையா என்பது முக்கியமே இல்லை. கேட்பவர் அதன் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதும் முக்கியமில்லை. அதனால் இந்த இரண்டையும் மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கொடுத்தார். குதிரையின் கண்ணுக்குப் பக்க மறைப்புக் கட்டிப் பார்த்தார். ஹான்ஸ் தடுமாறியது. விடை தெரிந்த ஒருவரைப் பார்க்க முடிந்தபோதுதான் அதற்கும் விடை தெரிந்தது.

நடந்தது இதுதான். கேள்வி கேட்டவுடன் ஆட்கள் தங்களை அறியாமல் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிந்தார்கள், குதிரை தட்டத் தொடங்கியது. சரியான எண் வந்ததும் தலை மயிரிழை அளவுக்கு நிமிர்ந்தது, குதிரை நிறுத்தியது. ஃபுங்ஸ்ட் அத்தோடு விடவில்லை. ஆய்வகத்தில் தானே குதிரையின் இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் மனதில் நினைத்த எண்ணை மேசையில் தட்டிக் காட்டினார். முகத்தையும் தலையையும் பார்த்தே பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிந்தது. 1907-இல் இவை எல்லாவற்றையும் வெளியிட்டார். ஓஸ்டன் கடைசிவரை இந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

முதல் குழுவும் ஃபுங்ஸ்டும் பார்த்தது ஒரே குதிரையைத்தான். முதல் குழு "இது வேலை செய்கிறதா?" என்று பார்த்தது. ஃபுங்ஸ்ட் "இது எப்போது வேலை செய்யாமல் போக வேண்டும்?" என்று பார்த்தார். ஆயிரம் முறை "ஆமாம்" கிடைப்பதைவிட, "இல்லை" வரக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் போய்க் கேட்பது நமக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது. இன்று புது மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் சொல்வதில்லை, மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும் சொல்வதில்லை. இதை இரட்டை மறைப்புச் சோதனை என்பார்கள். மருத்துவரின் முகமும் ஓர் ஓஸ்டன் முகம்தான்.

இது குதிரைக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் ஒருநாள் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். புள்ளிகள் எல்லாம் நேர்கோட்டில் அழகாக விழுந்தன, ஒன்றைத் தவிர. அன்று கருவி சூடாகவில்லை என்று ஒரு காரணம் எழுதி அதை விட்டுவிட்டேன். வழிகாட்டி பார்த்தார். "இந்தப் புள்ளி கோட்டின்மேல் விழுந்திருந்தால், கருவி சூடாகவில்லை என்று இதைத் தூக்கியிருப்பாயா?" என்று மட்டும் கேட்டார். தூக்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு எடுத்த எல்லா அளவுகளையும் திரும்ப எடுத்தேன். எந்த அளவை ஏற்பது, எதை ஒதுக்குவது என்ற விதியை அளவெடுப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்று அந்த ஒரு கேள்வியில்தான் புரிந்தது. பல துறைகளில் இப்போது ஆய்வுத் திட்டத்தையே முன்கூட்டிப் பதிவு செய்துவிடுகிறார்கள். காரணம் அதேதான்.

அடுத்து ஒப்பீடு. "இந்தக் கஷாயம் குடித்தேன், ஒரு வாரத்தில் சளி போய்விட்டது" என்று ஒருவர் சொல்கிறார். பொய் சொல்லவில்லை. ஆனால் குடிக்காமல் இருந்திருந்தாலும் ஒரு வாரத்தில் போயிருக்குமே? அதை அறிய, குடிக்காத ஆளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் சாலிஸ்பரி என்ற கப்பலில் செய்தது இதைத்தான். ஈறு வீங்கி, உடல் தளர்ந்து, மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லப்பட்ட காலம். கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளை எடுத்தார். ஒரே இடத்தில் படுக்க வைத்தார், ஒரே உணவு கொடுத்தார். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த ஒரு மருந்துக் கலவை, ஆரஞ்சும் எலுமிச்சையும் என ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றைக் கொடுத்தார். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஜோடிக்கு இரண்டு பேர் என்பது இன்றைய கணக்கில் மிகக் குறைவு. ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து ஒன்றை மட்டும் மாற்றிய அந்த அக்கறையைப் பாருங்கள். வைட்டமின் சி என்ற பொருளை அடையாளம் காண இன்னும் ஏறக்குறைய 185 ஆண்டுகள் இருந்தன. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலேயே எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்தது. வருத்தமான பகுதியும் உண்டு. கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல்தான். நல்ல சோதனை செய்தால் மட்டும் போதாது, அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

சரி, கணிப்பு பொய்த்துவிட்டது என்றால் கருதுகோளை உடனே தூக்கி எறிந்துவிட வேண்டுமா? பள்ளிப் புத்தகம் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறது. எனக்கு இதுதான் முழு விஷயத்திலேயே சுவையான பகுதி.

யுரேனஸ் கோள் 1781-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் பல ஆண்டுகள் கவனித்தபோது, நியூட்டனின் ஈர்ப்பு விதி சொன்ன பாதையிலிருந்து அது கொஞ்சம் விலகிப் போவது தெரிந்தது. கணிப்பு தவறிவிட்டது. நியூட்டன் பொய்யா? பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே அப்படி முடிவு கட்டவில்லை. கண்ணில் படாத இன்னொரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது வானத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் கால்லே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார். கணக்கு சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகை தூரத்துக்குள் நெப்டியூன் இருந்தது.

அடுத்த சிக்கல் புதன். அதன் பாதையும் நியூட்டன் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. நூறு ஆண்டுக்கு 43 விகலை அளவு வித்தியாசம். ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய பிசகு. லெவெரியே அதே வழியில் போனார். சூரியனுக்கு மிக அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-இல் சொன்னார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பார்த்துவிட்டோம் என்று சிலர் சொன்னார்கள். திரும்பத் தேடினால் கிடைக்கவில்லை. சூரிய கிரகணம் வரும்போதெல்லாம் தேடினார்கள், இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்தபோது, எந்தப் புதுக் கோளும் இல்லாமல் அந்த 43 விகலை அப்படியே கணக்கில் வந்து விழுந்தது. இந்தத் தடவை மாற வேண்டியிருந்தது நியூட்டன்தான்.

ஒரே ஆள், ஒரே வகை யோசனை. ஒருமுறை ஜெயித்தது, ஒருமுறை தோற்றது. லெவெரியே இரண்டாவது முறை அறிவியலுக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. வல்கன் இங்கே இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள் என்று சோதிக்கக்கூடியபடி சொன்னார். தேடினார்கள், இல்லை என்று தெரிந்தது. ஒருவேளை அவர் "அந்தக் கோள் யாருக்கும் என்றைக்கும் தெரியாது" என்று சொல்லியிருந்தால் நியூட்டன் தப்பித்திருப்பார், நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஒரு கோட்பாட்டைக் காப்பாற்ற முயல்வதில் தப்பே இல்லை. காப்பாற்றுவதற்காகச் சொல்லும் காரணத்தையும் சோதிக்க வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்பாடு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. "அது வெறும் கோட்பாடுதானே" என்று பலர் சொல்வார்கள். அறிவியலில் ஊகத்துக்குப் பெயர் கருதுகோள். கோட்பாடு என்பது பல சோதனைகளில் நின்று, பல தனித்தனி உண்மைகளை ஒன்றாகக் கோத்து விளக்கும் அமைப்பு. கோட்பாடு வளர்ந்தால் விதி ஆகும் என்பதும் தவறு. விதி என்ன நடக்கிறது என்று சொல்லும், கோட்பாடு ஏன் என்று சொல்லும்.

இப்போது இரண்டாவது கேள்வி: ஏன் மாறுகிறார்கள்? வல்கன் கதையிலேயே பாதி விடை வந்துவிட்டது. அங்கே என்ன மாறியது, எவ்வளவு மாறியது என்று கவனியுங்கள். ஐன்ஸ்டைனுக்கு அப்புறமும் விண்கலங்களின் பாதையைப் பெரும்பாலும் நியூட்டன் கணக்கை வைத்தே போடுகிறார்கள். 43 விகலை பிசகு பொருட்டில்லாத இடங்களில் பழைய கணக்கு இன்றும் சரி. அறிவியலில் அடித்தளமாகிவிட்ட விஷயங்கள் இப்படித்தான் மாறும்: எல்லை எதுவரை என்று தெரியவரும். நேற்று வெளிவந்த ஒற்றை ஆய்வு வேறு. அது ஆராய்ச்சியின் ஓரத்தில் இருப்பது, நாளைக்கே விழலாம். செய்திகளில் நாம் படிப்பது பெரும்பாலும் இந்த ஓரத்தைத்தான். அதனால்தான் எல்லாமே தினமும் மாறுகிற மாதிரி தோன்றுகிறது.

அந்த ஓரத்தில் தவறுகள் நிறையவே நடக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. 2015-இல், வெளியான 100 உளவியல் ஆய்வுகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் பழைய முடிவு தெளிவாக மறுபடி வந்தது. இதைப் படித்து "அப்போ எல்லாம் பொய்" என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கணக்கை எடுத்ததே அந்தத் துறையில் இருக்கிற ஆய்வாளர்கள்தான். தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்க்கிற துறையை நான் கூடுதலாகத்தான் நம்புவேன்.

2011 செப்டம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியில் மலைக்கு அடியில் இருக்கும் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு, சுமார் 730 கிலோமீட்டர் தூரம், நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அனுப்பி அளந்தார்கள். ஒளி வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக அவை வந்தன. ஒளியைவிட வேகமா! மாதக்கணக்கில் தங்கள் தவறைத் தேடியும் கிடைக்காமல், "எங்கே பிசகினோம் என்று நீங்களும் பாருங்கள்" என்கிற தோரணையில் உலகத்தின்முன் வைத்தார்கள். சில மாதங்களில் காரணம் தெரிந்தது. முக்கியமாக ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் சொருகப்படாமல் இருந்தது. அதே கிரான் சாசோ ஆய்வகத்தில் வேறொரு குழு தனியாக அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை. செய்தித்தாள்களில் அது அவமானமாகப் பேசப்பட்டது. எனக்கு அது முறை சரியாக வேலை செய்த நாள். கேபிளை நம் கைபேசியில் சரிபார்த்த மாதிரியேதான், கொஞ்சம் பெரிய கேபிள்.

நீங்களே ஒருமுறை செய்து பார்த்தால் இது எல்லாம் கைக்கு வரும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பாட்டில் தண்ணீரை ருசியை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று யாராவது சொன்னால், ஒரே மாதிரியான எட்டுக் குவளை எடுங்கள். நான்கில் ஒரு தண்ணீர், நான்கில் இன்னொன்று. இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். குவளையின் அடியில் எண் எழுதி, எது எந்த எண் என்ற தாளை மடித்து வைத்துவிட்டு அறையைவிட்டுப் போய்விடுங்கள். விடை தெரியாத இன்னொருவர் குவளைகளைக் கலைத்து வைத்து, குடிக்கக் கொடுக்கட்டும். நான்கு, நான்காகப் பிரிப்பவர் குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்கிற வாய்ப்பு 70-இல் ஒன்று. எத்தனை சரியாக இருந்தால் அவர் சொன்னதை ஏற்பீர்கள் என்று முதலிலேயே பேசி, எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தோற்றவுடன் "தண்ணீர் குளிர்ச்சி பத்தவில்லை" என்று காரணம் வரும். வரட்டும். குளிர்ச்சியை மாற்றி மறுபடி எட்டுக் குவளை வையுங்கள்.